பிளா வைக்க ஓரிடம்

ஒரே பானைக் கூழ், ஒரே அளவு, ஒரே வயிறு. அக்கா வீட்டு முற்றத்தில் இருந்து குடித்தால் கால்மணி நேரத்துக்குள் வந்த வழியே திரும்பி வருகிறது. மிச்சக் கூழை மறுநாள் காலை தன் வீட்டுக் குசினியில் சூடாக்கிக் குடித்தால் சத்தமில்லாமல் உள்ளே இருக்கிறது. மூன்று ஞாயிறு இப்படியே நடந்துவிட்டது. ஏன் என்று கனிசியசுக்குப் பிடிபடவில்லை.

அவன் செய்கிற தொழிலுக்கு இது ஓர் அவமானம். கனிசியஸ் எஞ்சின் மெக்கானிக். குருநகர்க் கரையில் வள்ளத்து எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டித் தொழில் பழகியவன். பிறகு பதினொரு வருடம் ஜேர்மனியில், கப்பல் திருத்துகிற பட்டறை ஒன்றில் வேலை. ஓடவே மாட்டேன் என்று நிற்கிற எஞ்சின் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. எங்கோ ஒன்று உடைந்திருக்கிறது, தேடினால் அகப்படும். இன்றைக்கு ஓடி, நாளைக்கு நின்று, நாளையின்றைக்கு மறுபடியும் ஓடுகிற எஞ்சின்தான் ஆளைத் தின்னும். இப்போது அவனுடைய வயிறே அப்படி ஓர் எஞ்சினாகிப் போயிருந்தது.

அந்த வயிறு மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் கனிசியஸ் நூற்று நாற்பத்தாறு கிலோ இருந்தான். கப்பலின் எஞ்சின் அறைக்கு இறங்குகிற வட்ட வாசலில் ஒருநாள் இடுப்போடு இறுகிப்போய், இரண்டு ஜேர்மன்காரர் மேலே நின்று இழுத்தெடுத்தார்கள். அடுத்த கிழமையே டொக்டரிடம் போனான். டொக்டர் கடதாசியில் படம் கீறிக் காட்டினார். இரைப்பையின் மேல்முனையில், சாப்பாடு வந்து விழுகிற இடத்தில், கோழிமுட்டை அளவு பகுதியை மட்டும் பிரித்து, மற்றப் பக்கத்தைச் சின்னக் கம்பி ஊசிகளால் வரிசையாகத் தைத்து மறித்துவிடுவது. அந்த முட்டையின் அடியில் சின்னவிரல் போகிற அளவு ஒரு துவாரம். அது நாளடைவில் விரிந்துவிடாதபடி சுற்றிவர ஒரு பட்டி. விழுகிற சாப்பாடு முட்டையை நிரப்பியதும் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். பிறகு துவாரத்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

“புனல்,” என்றான் கனிசியஸ். டொக்டர் சிரித்துத் தலையாட்டினார். இத்தனை சுருக்கமாக விளங்கிக்கொண்ட நோயாளியை அவர் அதற்கு முன் கண்டதில்லையாம்.

புனலுக்கு உள்ள சட்டம்தான் அந்த வயிற்றுக்கும். கீழே இறங்குகிறதைவிட வேகமாக மேலே ஊற்றினால் வழியும். அதனால் நன்றாக மென்று, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சின்னச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் எடுக்கவேண்டும். அவன் எடுத்தான். தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு வந்தான். 1990 பங்குனியில் இந்தியப் பட்டாளம் கப்பலேறிப் போய், கடல் திறந்து, குருநகர் வள்ளங்கள் தடையில்லாமல் தொழிலுக்குப் போய்வரத் தொடங்கிய செய்தி கேட்டு, மூன்று மாத லீவில் ஊருக்கு வந்து, தாய் தகப்பன் இருந்த பழைய வீட்டில் தங்கினான்.

ஊரில் கடல் திறந்தால் முதலில் திறப்பது கூழ்ப்பானை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த அக்கா அருமைநாயகியின் முற்றத்தில் உயிர்த்த ஞாயிறு தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் நாலு மணிக்குக் கூழ். மீன்தலை, நண்டு, றால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வெந்து வருகிறபோது, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்து, ஊறவைத்துக் கசப்பெடுத்த ஒடியல்மாவைக் கரைத்து ஊற்றினால் பானை முழுவதும் தடித்துக்கொள்ளும். அதைப் பனையோலையைத் தோணிபோல மடித்து, ஒரு முனையைச் சேர்த்துக் கட்டிய பிளாவில் வாங்கி, மணலில் சுற்றிவர இருந்து குடிப்பார்கள். பிளாவில் கூழ் முடிந்தால் அருமைநாயகி சிரட்டை அகப்பையோடு பின்னாலே நிற்பாள்.

மூன்றாம் ஞாயிறு கனிசியஸ் வேலிக்கரையில் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப, அகப்பையோடு அவள் வழிமறித்தாள்.

“என்ரை கூழிலை என்னடா தம்பி பிழை?”

“கூழிலை பிழையில்லை அக்கா. நாளைக்குக் காலமை இதைத்தான் குடிப்பன், ஒண்டும் செய்யாது.”

“அப்ப என்ரை முத்தத்திலையோ பிழை?”

“அதைத்தான் யோசிக்கிறன்.”

“வடிவா யோசி. வாற ஞாயிறு பாசையூராக்கள் வருகினம். அதுக்கு முன்னம் யோசிச்சு முடி.”

பாசையூராக்கள் என்றால் தேவராசாவும் அவர் மனைவி செபஸ்தியம்மாவும். அருமைநாயகியின் ஒரே மகள் ஸ்ரெல்லாவை அவர்களுடைய மூத்த மகனுக்குப் பேசியிருந்தது. முக்கால்வாசிப் பேச்சு முடிந்து, வருகிற ஞாயிறு வந்து கூழ் குடித்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. இதற்குள் ஒரு கதை நடந்தே பாசையூர் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் ஜேர்மனியிலிருந்து பாதியாய் உருகி வந்திருக்கிறாராம். தின்கிறது தங்குதில்லையாம். வெளியில் சொல்லாத ஏதோ நோய் வருத்தமாம். அது பரம்பரை வருத்தமோ என்று செபஸ்தியம்மா கோயில் வாசலில் இரண்டு பேரிடம் விசாரித்திருந்தாள்.

“அண்டைக்கு நான் வராமல் விடட்டோ?” என்று கேட்டான் கனிசியஸ்.

“நீ வராட்டித் தாய்மாமன் எங்கை எண்டு கேப்பினம். வந்து குடிக்காட்டி என்ன வருத்தமெண்டு கேப்பினம். குடிச்சுப்போட்டுச் சத்தியெடுத்தா ஒண்டுமே கேக்கமாட்டினம். எழும்பிப் போவினம்.”

“அப்ப உண்மையைச் சொல்லுவம். ஒப்பரேசன் செய்தது எண்டு.”

“என்னெண்டு சொல்லுறது? மெலியிறதுக்கெண்டு நல்ல வயித்தை வெட்டிக்கொண்டு வந்தவனெண்டோ? ஆரடா நம்புவான்? புற்றுநோயை மறைக்கினம் எண்டுதான் சொல்லுவினம்.”

அத்தான் கிறகோரி வலையின் பொத்தலைத் தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே தலையை நிமிர்த்தினார். “மச்சான், எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தியெண்டா என்ரை வள்ளத்திலை ஆறு மாசம் தண்டு வலிக்க விட்டிருப்பன். கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.”

“நீங்கள் சும்மா இருங்கோ,” என்றாள் அருமைநாயகி. “முப்பது வருசம் வலிச்சும் உங்கடை வண்டி வயிறு வத்தேல்லை.”

கேற்றடியில் ஸ்ரெல்லா வந்து நின்றாள். இருபத்துமூன்று வயது, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், ஒரு சொல் சொல்ல முன் மூன்று தரம் யோசிக்கிற பிள்ளை.

“மாமா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு,” என்றாள்.

“விளங்குது பிள்ளை. ஆறு நாள் கிடக்கு. கிழமை முழுக்கக் கொம்மாவைக் கூழ் காய்ச்சச் சொல்லு. நீ மணிக்கூடு கட்டிக்கொண்டு வா.”

பிழை பிடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. கனிசியஸ் அதை எந்தப் பொடியனுக்கும் முதல்நாளே சொல்லிக்கொடுப்பான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி எண்ணெயையும் மாற்றினால் எஞ்சின் ஓடினாலும் எதனால் ஓடியது என்று உனக்குத் தெரியாது. அவன் தன் வயிற்றை மேசையில் கிடத்திய எஞ்சினாக நினைத்துக்கொண்டு திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கினான்.

அக்கா வீட்டில் குடித்தது புதுக்கூழ், தன் வீட்டில் குடித்தது பழங்கூழ். ஒருவேளை ஒடியல்மா ஓர் இரவு ஊறிய பிறகுதான் வயிற்றுக்கு இதமாகிறதோ? திங்கட்கிழமை ஸ்ரெல்லா புதுக்கூழை ஆவி பறக்கச் சட்டியில் கொண்டுவந்தாள். அவன் வழக்கம்போலத் தேத்தண்ணி குடிக்கிற தகரப் பேணியில் ஊற்றிக் குடித்தான். ஒன்றும் செய்யவில்லை. பழசு புதுசு காரணமில்லை.

அப்படியென்றால் இடமோ? செவ்வாய்க்கிழமை பேணியையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு முற்றத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை இருந்த அதே மணலில் கால் மடக்கி இருந்து குடித்தான். அருமைநாயகி வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலிக்கு வேலை வரவில்லை.

“முத்தத்திலையும் பிழையில்லை அக்கா.”

“பெரிய உபகாரம்,” என்றாள் அவள்.

மிச்சம் இருந்தது பிளா மட்டும். புதன்கிழமை தன் வீட்டில், கொட்டிலுக்குள் அத்தானின் வள்ளத்து எஞ்சினைப் பிரித்துவைத்தபடி, ஸ்ரெல்லா மடித்துக்கொண்டுவந்த பிளாவில் அதே அளவு கூழைக் குடித்தான். பத்து நிமிடத்தில் கிணற்றடிக்கு ஓடவேண்டி வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவனின் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

“பிடிச்சிட்டன் பிள்ளை! பிளாதான்!”

“ஓலையிலை இருக்கிற கயர்த் துவர்ப்போ மாமா?”

நல்ல கேள்வி. வியாழக்கிழமை அதையும் பார்த்தான். கூழைப் பிளாவில் ஊற்றி ஒரு மணித்தியாலம் ஓலையோடு ஊறவிட்டு, பிறகு பேணிக்கு மாற்றிக் குடித்தான். வயிறு ஏற்றுக்கொண்டது. ஓலையில் பிழையில்லை. பிளாவில் பிழையிருக்கிறது, ஆனால் பிளா செய்த ஓலையில் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் வெறும் பிளாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மடித்த ஓலை, ஒரு கட்டு, ஒரு வாய். இதைவிட எளிதான ஒரு பாத்திரத்தை ஒருவராலும் செய்யமுடியாது. இதற்குள் என்னத்தைத் தேடுவது?

வெள்ளிக்கிழமை காலை கிறகோரி வந்தார். கிழமை முழுவதும் கூழைத் தவிர வேறு சாப்பாடு காணாத கோபம் முகத்தில் இருந்தது. கனிசியஸ் அப்போதுதான் இன்னொரு தரம் பிளாவை நிரப்பிக் கையில் எடுத்து ஒரு வாய் குடித்திருந்தான்.

“மச்சான், உந்தப் பரிசோதனையைப் பேந்து செய். இந்த எஞ்சின் மூடியை ஒருக்காப் பிடி, ஆணி கழருதில்லை.”

“பொறுங்கோ அத்தான்,” என்று கனிசியஸ் பிளாவை வைப்பதற்கு இடம் பார்த்தான். வாங்குப் பலகையில் வைத்தால் உருளும். நிலத்தில் வைத்தால் கவிழும். தோணி தண்ணீரில் நிற்கும், தரையில் எப்படி நிற்கும்? அத்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கனிசியஸ் பிளாவைத் தூக்கி, இருந்த கூழை மடக்கு மடக்கென்று குடித்து முடித்து, ஓலையை எறிந்துவிட்டு மூடியைப் பிடிக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“என்னடா? பிடியன்.”

“அத்தான், நான் இப்ப என்ன செய்தனான்?”

“கூழைக் குடிச்சனி.”

“ஏன் அவ்வளவு கெதியாய்க் குடிச்சனான்?”

“கை வேணுமெல்லோ? பிளாவை எங்கை வைச்சுப்போட்டு வாறது?”

கனிசியஸ் மூடியைப் பிடிக்கவில்லை. கிணற்றடிக்குத்தான் ஓடினான். ஆனால் திரும்பி வருகிறபோது முழு விடையோடு வந்தான்.

ஸ்ரெல்லா ஒவ்வொரு நாளும் மணிக்கூடு பார்த்து எழுதிவைத்தும், அதுவரை ஒருவரும் புரட்டிப் பாராத நேரங்களைக் கொப்பியில் பார்த்தார்கள். பேணியில் குடித்த நாட்களில் முப்பத்திரண்டு நிமிடம், முப்பத்துநாலு நிமிடம், முப்பத்துமூன்று நிமிடம். பிளாவில் குடித்த நாளில் ஆறு நிமிடம். அளவு ஒன்றுதான். பேணிக்கு அடி தட்டை. ஒரு வாய் குடித்துக் கீழே வைக்கிறோம், ஏதோ ஒரு வேலையைப் பார்க்கிறோம், மறுபடியும் எடுக்கிறோம். அந்த இடைவெளியில் புனல் வடிகிறது. பிளாவைக் கீழே வைக்கமுடியாது. கையில் இருக்கிறது வாய்க்குத்தான் போகும். தேங்காய்ச் சொட்டைக் கடிக்கவும், நண்டுக்காலை உடைக்கவும், மூக்கைத் துடைக்கவும் கை வேண்டியிருக்க, எல்லோரும் தங்களை அறியாமல் பிளாவை அவசரமாய் வெறுமையாக்குகிறார்கள். வெறுமையான பிளாவைக் கண்டதும் அகப்பை வருகிறது. தலைமுறை தலைமுறையாய்க் குருநகரில் கூழ் இப்படித்தான் குடிபட்டு வந்திருக்கிறது. முழு வயிறு உள்ளவர்களுக்கு அது தெரியவரவில்லை. முட்டையளவு வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. கனிசியஸ், தான் ஆறுதலாய்க் குடிக்கிறேன் என்றுதான் மூன்று ஞாயிறும் நினைத்துக்கொண்டிருந்தான்.

“அப்ப சரி,” என்றான் அக்காவிடம். “ஞாயிற்றுக்கிழமை நான் பேணியிலை குடிக்கிறன். அலுவல் முடிஞ்சுது.”

அருமைநாயகி அகப்பையைத் தொப்பென்று வைத்தாள். “எல்லாரும் பிளாவிலை குடிக்க நீ மட்டும் தனிப் பேணியிலையோ? கசம் பிடிச்ச ஆளுக்குத்தான் தனிப் பேணி வைக்கிறது. செபஸ்தியம்மா பேணியைக் கண்டாளெண்டாச் செருப்பைத் தேடுவாள்.”

அவள் சொன்னது சரி. சயரோகக்காரருக்குப் பேணியும் கோப்பையும் தனியாய் வைக்கிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் வருகிறார்கள். பிளாவும் வேண்டும், அதை வைக்க இடமும் வேண்டும். அந்த இடமும் அவனுக்கு மட்டும் இருந்தால் அதுவும் தனிப் பேணிதான். எல்லோருக்கும் இருக்கவேண்டும்.

சனிக்கிழமை காலை முற்றத்து மணலில் கையால் பள்ளம் செய்து பிளாவை வைத்துப் பார்த்தான். நின்றது. எடுத்தபோது நனைந்த ஓலையில் ஒட்டிய மணல் முழுவதும் மடியில் கொட்டியது. அடுத்து, ஒரு கவைத்தடியை மணலில் குத்தி அதன் மேல் வைத்தான். பிளா மூக்குக் குத்தி, கூழ் கிறகோரியின் காலில் ஊற்றுண்டது.

“டேய்!” என்று துள்ளினார் கிறகோரி. “வள்ளத்தை ஆராவது ஒரு கட்டையிலை ஏத்துவானே? முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு எல்லோ வேணும்!”

கனிசியஸ் அத்தானை நிமிர்ந்து பார்த்தான். பதினொரு வருடம் பெரிய கப்பல்களுக்கு நடுவில் நின்றவனுக்கு இது தோன்றவில்லை. “அத்தான், நீங்கள்தான் எஞ்சினியர்,” என்றான்.

சந்தியில் பட்டாளக் காவலரண் இருந்த இடத்தில் விட்டுப்போன முட்கம்பிச் சுருள் ஒன்று கிறகோரியின் கொட்டிலில் கிடந்தது. அதில் முள்ளைக் கழற்றி, முழ நீளத் துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டின் நடுவையும் பிளாவின் வயிற்றுக்கு ஏற்றபடி பள்ளமாக வளைத்து, இரண்டு முனையையும் கீழ்நோக்கி மடக்கினால் இரண்டு கால். கால்களை மணலில் குத்தினால் அசையாது. ஒரு சாண் இடைவெளியில் அப்படி இரண்டு. அதன் மேல் பிளாவை வைத்தால் கரையேற்றிய வள்ளம்போல நிமிர்ந்து நின்றது. பன்னிரண்டு பேருக்கு இருபத்துநாலு கம்பி. மாலை ஐந்து மணிக்கு முடிந்தது.

ஞாயிறு நாலு மணிக்குப் பாசையூராக்கள் வந்தார்கள். தேவராசா பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள மனிதர். செபஸ்தியம்மா அதற்கு நேர்மாறு. அவள் கனிசியசுக்கு நேரெதிரே இடம் பார்த்து இருந்தாள். ஸ்ரெல்லாவை ஒருதரம் பார்த்தாள், கனிசியசை மூன்று தரம் பார்த்தாள். பிறகு மணலைப் பார்த்தாள்.

“உதென்ன கம்பி? பட்டாளம் போயும் உங்களைக் கம்பி விடேல்லையோ?”

“பிளா வைக்கிறதுக்கு அக்கா. குடியுங்கோ, கை நோகேக்கை அதிலை வையுங்கோ.”

“பிளாவை ஆர் வைக்கிறது?” என்றாள் செபஸ்தியம்மா. ஆனால் தேவராசா ஒரு வாய் குடித்துவிட்டு, பிளாவைக் கம்பியில் வைத்து, அது கவிழாதோ என்று கொஞ்சநேரம் பார்த்திருந்தார். கவிழவில்லை. மடியிலிருந்து சுருட்டை எடுத்தார்.

“எடியப்பா, நாப்பது வருசமாய்க் கூழ் குடிக்கிறன். நடுவிலை ஒரு சுருட்டுப் பத்தினது இண்டைக்குத்தான்.”

சுற்றிவர இருந்தவர்கள் சிரித்து, ஆளுக்கொரு தரம் வைத்தும் எடுத்தும் பார்த்தார்கள். செபஸ்தியம்மா சிரிக்கவில்லை.

“தம்பிக்கு ஏதோ வருத்தமெண்டு கேள்விப்பட்டனாங்கள்.”

அருமைநாயகியின் அகப்பை பானைக்கும் பிளாவுக்கும் நடுவில் நின்றது. ஸ்ரெல்லா குசினி வாசலில் நின்றாள். ஆறு நாளாய்ச் சொல்லவேண்டாம் என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள். ஆனால் கனிசியசுக்கு இப்போது இயந்திரம் முழுவதும் விளங்கியிருந்தது. விளங்கின ஒன்றை மறைக்க அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை.

“வருத்தமில்லை அக்கா. நான் நூற்றி நாப்பத்தாறு கிலோ இருந்தனான். மூச்சு விடேலாது, ஏணி இறங்கேலாது. வயித்தைச் சின்னனாக்கி விட்டிருக்கினம்.” கையைப் பொத்திக் காட்டினான். “இரைப்பையின்ரை வாயிலை ஒரு முட்டையளவு இடம். அடியிலை சின்னவிரலளவு ஓட்டை. புனல் மாதிரி. மெல்ல மெல்ல விட்டா எல்லாம் இறங்கும். அவசரப்பட்டா மேலாலை வழியும். வழிஞ்சதைத்தான் ஊர் கண்டது.”

“பரம்பரையோ?”

“பரம்பரையிலை வந்தது சாப்பாட்டு ஆசைதான். அது அந்தா, அகப்பையோடை நிக்கிற ஆளிட்டையும் கிடக்கு.”

தேவராசா புகையோடு சேர்த்துச் சிரித்து இருமினார். செபஸ்தியம்மாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் அவள் விடுகிற ஆளில்லை.

“அப்ப ஒரு பிளா குடிச்சு முடியுங்கோ பாப்பம். தங்குதோ எண்டு நானும் பாக்கிறன்.”

“குடிக்கிறன். ஆனா அரைமணித்தியாலம் நீங்கள் என்னோடை கதைக்கவேணும்.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“உங்கடை மகனைப் பற்றி. எங்கடை பிள்ளையைக் குடுக்கிற இடமெல்லோ?”

மகனைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் எந்தத் தாய் அரைமணித்தியாலத்தோடு நிறுத்துவாள்? செபஸ்தியம்மா அவன் பிறந்த அன்றைக்கு அடித்த புயலில் தொடங்கினாள். கனிசியஸ் ஒரு வாய் குடித்தான், பலாக்கொட்டையை மாவாகும்வரை மென்றான், பிளாவைக் கம்பியில் வைத்தான், “பிறகு?” என்று கேட்டான். மகன் நடக்கத் தொடங்கினபோது அடுத்த வாய். மகன் முதல்முதல் கடலுக்குப் போனபோது நண்டின் சதையை உதிர்த்து ஒரு துண்டு. அருமைநாயகி அகப்பையோடு பின்னால் வந்தாள். பிளா கண்ணுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க, அதில் பாதிக்கு மேல் கூழ் இருப்பது தெரிந்தது. அடுத்த ஆளிடம் போனாள். அவனைக் கடந்து அகப்பை போனது அன்றைக்குத்தான்.

பாதி வழியில் நெஞ்சுக்குழி இறுகியது. வாயில் உமிழ்நீர் ஊறியது. அவனுக்குத் தெரிந்த அடையாளம், அடுத்ததாய் வேலிதான். றால் ஒன்றைச் சரியாய் மெல்லாமல் விட்டிருக்கவேண்டும். முன்பென்றால் கையில் இருக்கிற பிளாவே அவனை இன்னொரு வாய்க்கு இழுத்திருக்கும். இப்போது கை சும்மா இருந்தது. முதுகை நிமிர்த்தி இருந்து, மெதுவாய் மூச்சு விட்டான். குசினி வாசலில் ஸ்ரெல்லா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். செபஸ்தியம்மாவின் மகன் சைக்கிளில் விழுந்து கை முறித்து, பத்துத் தரம் பற்றுப் போட்டு, கட்டவிழ்த்து, மறுபடியும் சைக்கிள் ஏறுகிறவரை கனிசியஸ் பிளாவைத் தொடவில்லை. நெஞ்சுக்குழியில் ஏதோ ஒன்று வழுக்கிக் கீழே இறங்கியது தெரிந்தது. புனல் வடிந்துவிட்டது.

“பிறகு?” என்றான்.

கடைசி வாயைக் குடித்துவிட்டு ஓலையைக் கசக்கி அடுப்புக்குள் எறிந்தான். ஸ்ரெல்லா மணிக்கூட்டைப் பார்த்தாள். மற்றவர்கள் மூன்றாம் பிளாவில் நின்றார்கள். செபஸ்தியம்மா, தான் இன்னும் முதலாவது பிளாவிலேயே நிற்கிறதை அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய பிளாவும் கம்பியில்தான் இருந்தது.

இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள். கனிசியஸ் வேலிப்பக்கம் போகவில்லை. போகிறானோ என்று பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியம்மா கடைசியில் முழங்காலில் கையூன்றி எழும்பினாள்.

“மே மாசம் இருபத்திமூண்டு, புதன்கிழமை. பங்குச் சுவாமியிட்டை நாளைக்கே சொல்லுவம்,” என்றாள் அருமைநாயகியிடம். பிறகு கனிசியசின் பக்கம் திரும்பினாள். “தம்பி, கலியாணத்துக்கு மற்றநாள் எங்கடை வளவிலை கூழ். நூறு பேர் வருவினம். உந்தக் கம்பி இருநூறு வேணும். இவருக்குச் சுருட்டுப் பழகிப்போச்சு.”

“செய்து தாறன் அக்கா.”

அவர்கள் போன பிறகு அருமைநாயகி மணலில் நின்ற கம்பி ஒன்றைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இவ்வளவுந்தானோடா?” என்று கேட்டாள். “இந்தக் கம்பிக்குத்தானோ ஆறு நாள் கூழ் காய்ச்சினனான்?”

“இவ்வளவுந்தான் அக்கா.”

ஸ்ரெல்லா கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்றைய திகதிக்குக் கீழே கனிசியஸ் பேனையால் எழுதினான்: பிளாவை வைக்க இரண்டு கவைக்கம்பி, நடுவில் ஒரு சாண். ஒரு வாய் குடித்ததும் பிளாவைக் கம்பியில் வைத்து, அந்த வாய் கீழே இறங்கும்வரை கதைத்துக்கொண்டிருந்து, பிறகு அடுத்த வாய். ஒரு பிளாவுக்கு நாற்பத்தொரு நிமிடம். தங்கியது.